‘டென்ஷன்’ என்று சொல்லும்போது உங்கள் உடலில் என்ன நடக்கிறது?

கடந்த வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு மாலை, புறநோயாளிகள் பிரிவு முடியும் நேரத்தில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரை அவருடைய மகள் அழைத்து வந்தார். மகளே பேச்சைத் தொடங்கினார். “டாக்டர், அம்மாவுக்கு ஆங்சைட்டி. மழை பெய்ய ஆரம்பிச்சாலே ராத்திரி தூங்க மாட்டேங்கறாங்க.”

முடிச்சூர்ப் பக்கம் வசிப்பவர்கள் அவர்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததை நேரில் கண்டவர்களுக்கு, மழை இரவுகளில் உறக்கம் வராதிருப்பது வியப்பன்று. எனவே நானும் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு, நோயாளியின் குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். பிறகு வழக்கம்போல அம்மையாரைப் பார்த்து, “ராத்திரி என்னம்மா செய்யுது?” என்று கேட்டேன்.

“படுத்தா ஒரு மணி நேரத்துல மூச்சு முட்டி எழுந்துடறேன் டாக்டர். எழுந்து ஜன்னல்கிட்ட உக்காந்தா கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. இப்பல்லாம் மூணு தலகாணி வெச்சாத்தான் படுக்க முடியுது” என்றார்.

அவருடைய கால்களைப் பார்த்தேன். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. விரலால் அழுத்திய இடம் குழிந்து நின்றது. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இரத்தம் இறைக்கும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. படுத்தவுடன் நுரையீரலில் நீர் தேங்கியதால்தான் அவருக்கு மூச்சு முட்டியது. குறிப்பேட்டில் எழுதிய சொல்லை அடித்துவிட்டு, அன்றிரவே அவரை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டோம்.

மகள் பொய் சொல்லவில்லை. அன்னையின்மீது அக்கறை இல்லாதவரும் அல்லர். தாய் கூறிய மூன்று வாக்கியங்களை ஓர் ஆங்கிலச் சொல்லாகச் சுருக்கிச் சொன்னார், அவ்வளவுதான். அந்தச் சுருக்கத்தில் மூன்று தலையணைகளும் காணாமற்போயின. எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது அந்தத் தலையணைகள்தான்.

இந்தக் கட்டுரை அத்தகைய சொற்களைப் பற்றியது. டென்ஷன், ஸ்ட்ரெஸ், ஆங்சைட்டி, பேனிக், டிப்ரஷன் என்று நாம் அன்றாடம் கூறும் ஆங்கிலச் சொற்கள் உண்மையில் எவற்றைக் குறிக்கின்றன, அவற்றை மருத்துவரிடம் எப்படிப் பயன்படுத்தலாம், எப்போது அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு நம் சொந்தச் சொற்களில் பேச வேண்டும் என்பதை விளக்க முயல்கிறேன். (இதில் வரும் நோயாளிகளின் விவரங்கள், அவர்களை அடையாளம் காண இயலாதவாறு மாற்றப்பட்டுள்ளன.)

ஏன் ஆங்கிலச் சொல்?

பிறமொழிச் சொற்களைக் கையாள்வதில் தவறு ஏதுமில்லை. பதறுவதற்குச் சென்னையில் வழங்கும் ‘காபரா’வும், சலிப்பைச் சொல்லும் ‘பேஜா’ரும் வடக்கிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்டவையே. நம் பகுதியினரோ ஓர் ஆங்கில மருத்துவச் சொல்லை இடத்தின் பெயராகவே ஆக்கிக்கொண்டவர்கள். 1928ஆம் ஆண்டு மருத்துவர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கு நிறுவிய ‘சானடோரியம்’ இன்று ஓர் இரயில் நிலையத்தின் பெயர்.

மனம் சார்ந்த துன்பத்தைச் சொல்லும்போது ஆங்கிலச் சொல் வேறொரு வசதியையும் தருகிறது. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லக் கூச்சப்படும் ஆண்மகன், “கொஞ்சம் டென்ஷன்” என்று எளிதாகச் சொல்லிவிடுவார். “மருமகளோடு சண்டை” என்று சொல்ல விரும்பாத மாமியாருக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் திரையாகப் பயன்படுகிறது. சொல்லவே முடியாமல் இருப்பதைவிட இப்படியாவது சொல்வது நல்லது. ஆனால் திரை போட்ட இடத்தில் மருத்துவரின் கண்ணுக்கும் எதுவும் தெரியாது என்பதை மறக்கலாகாது.

டென்ஷன்

லத்தீன் மொழியில் ‘இழுத்துக் கட்டுதல்’ என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. பேச்சுத் தமிழில் கோபம், அவசரம், கவலை, எரிச்சல், வேலைப்பளு ஆகிய ஐந்தையும் இது குறிக்கிறது. ஆறாவதாக ஒரு பொருளும் உண்டு: இரத்த அழுத்தம். அந்த ஆறாவது பொருளில்தான் ஆபத்து இருக்கிறது.

இரத்த அழுத்த நோய்க்கு மருத்துவ ஆங்கிலத்தில் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்று பெயர். இங்கு ‘டென்ஷன்’ என்பது இரத்தக் குழாயின் சுவரின்மீது இரத்தம் செலுத்தும் அழுத்தத்தை மட்டுமே குறிக்கும். மனநிலைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மிக அமைதியான மனிதருக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இராது. கருவியால் அளந்து பார்த்தாலன்றி அது தெரிய வராது. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளக்கும்போது 140/90 என்ற அளவிலோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தால் அது நோய்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சுக் குழறிய நிலையில் கொண்டுவரப்பட்டார். பத்தாண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்தவர். பணி ஓய்வு பெற்ற நான்காம் மாதம் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது அவருடைய மனைவி சொன்னார்: “ரிட்டயர் ஆயிட்டேன், இனிமே எனக்கு என்ன டென்ஷன், மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டார்.” ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததால் அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. டென்ஷன் இல்லை என்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ட்ரெஸ், டிப்ரஷன், மன அழுத்தம்

‘ஸ்ட்ரெஸ்’ என்பது வெளியிலிருந்து நம்மீது விழும் சுமையும் அதற்கு உடல் காட்டும் எதிர்வினையும் ஆகும். பொறியியலில் பாலத்தின் தூண்கள் தாங்கும் விசையைக் குறிக்கும் சொல் அது. 1936ஆம் ஆண்டு முதல் ஹான்ஸ் செலியே என்ற அறிவியலாளர் செய்த ஆய்வுகளே அச்சொல்லை மருத்துவத்தில் நிலைபெறச் செய்தன. சுமை குறைந்தால் ஸ்ட்ரெஸ்ஸும் குறையும். தேர்வு முடிந்த மறுநாள் மாணவன் நன்றாக உறங்குவது இதனால்தான்.

‘டிப்ரஷன்’ வேறு. சுமை நீங்கிய பிறகும் நீங்காத சோர்வு அது. முன்பு மகிழ்வளித்த எதிலும் ஈடுபாடு இல்லாமை, உறக்கமும் பசியும் மாறுதல், தம்மையே தாழ்வாக எண்ணுதல், வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

இவற்றைத் தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல் எழுகிறது. செய்தித்தாள்கள் ஸ்ட்ரெஸ்ஸையும் ‘மன அழுத்தம்’ என்கின்றன, டிப்ரஷனையும் ‘மன அழுத்தம்’ என்கின்றன. இரத்த அழுத்தமும் அழுத்தமே. எனவே “எனக்கு அழுத்தம் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அவர் மூன்றில் எதைச் சொல்கிறார் என்பது கேட்பவருக்குத் தெரியாது. டிப்ரஷனை ‘மனச்சோர்வு’ என்று சொல்வதே தெளிவு. ‘மன அழுத்தம்’ என்பதைச் சுமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒர்ரி, ஆங்சைட்டி, நெர்வஸ்

‘ஒர்ரி’ என்பது பெரும்பாலும் எண்ணத்தில் நிகழ்வது. மகளின் திருமணம், வீட்டுக் கடன், பரிசோதனை முடிவு என்று குறிப்பிட்ட ஒன்றைச் சுற்றிச் சுற்றி வரும் சிந்தனை. தமிழில் ‘கவலை’ என்ற சொல் இதற்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

‘நெர்வஸ்’ என்பது வரவிருக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் தோன்றும் படபடப்பு. நேர்முகத் தேர்வுக்கு முன்போ அறுவை சிகிச்சைக்கு முன்போ எழுந்து, நிகழ்ச்சி முடிந்ததும் மறையும். இது இயல்பானது. இதையும் ‘நரம்புத் தளர்ச்சி’யையும் ஒன்றாக எண்ண வேண்டாம். கை நடுங்கினாலே நரம்புத் தளர்ச்சி என்று சுவர் விளம்பரங்களைப் பார்த்து மருந்து வாங்குவோர் இன்றும் உள்ளனர். கை நடுக்கத்திற்குத் தைராய்டு சுரப்பியின் மிகைச் செயல், பார்க்கின்சன் நோய், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகள், மதுப் பழக்கத்தைத் திடீரென நிறுத்துதல் எனப் பல காரணங்கள் உண்டு.

‘ஆங்சைட்டி’ என்பது எண்ணமும் உடலும் சேர்ந்து நடுங்கும் நிலை. இன்னதற்கு என்று சுட்ட முடியாத அச்சம், தசை இறுக்கம், களைப்பு, எரிச்சல், உறக்கமின்மை ஆகியவை பெரும்பாலான நாட்களில், பல மாதங்களாகத் தொடர்ந்து அன்றாட வாழ்வைக் கெடுக்கும்போது அதை ‘பதற்ற நோய்’ என்கிறோம். “ஆங்சைட்டி இருக்கிறது” என்று பேச்சில் சொல்வதும், மருத்துவர் அந்த நோயைக் கண்டறிந்து எழுதுவதும் ஒன்றல்ல.

இச்சொற்களின் பிறப்பு கவனிக்கத்தக்கது. ‘ஒர்ரி’ என்பதன் பழைய ஆங்கிலப் பொருள் கழுத்தை நெரித்தல். ‘ஆங்சைட்டி’ லத்தீன் மொழியில் நெரித்தல், இறுக்குதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் ‘ஆஞ்சைனா’, அதாவது இதயத்திற்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி. 1768ஆம் ஆண்டு இலண்டனில் அந்த நோயை விவரித்த வில்லியம் ஹெபர்டன், நெஞ்சை நெரிப்பது போன்ற உணர்வும் உடன்வரும் அச்சமும் அதன் அடையாளங்கள் என்பதால்தான் அப்பெயரைச் சூட்டினார். மனப் பதற்றமும் மாரடைப்புக்கு முந்தைய வலியும் சொல்லளவில் உடன்பிறந்தவை. உடலளவிலும் அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. அதனால்தான் “எனக்கு ஆங்சைட்டிதான்” என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வரும்போது நாங்கள் அதை உடனே ஏற்பதில்லை.

பேனிக் அட்டாக்

நம் ஊர்ப் பேச்சில் ‘அட்டாக்’ என்றால் மாரடைப்பு மட்டுமே. “அவருக்கு அட்டாக் வந்துடுச்சு” என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. ஆகவே ஒருவரிடம் “உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக்” என்று மருத்துவர் சொல்லும்போது, அவர் காதில் ‘அட்டாக்’ மட்டுமே விழுகிறது. ஆறுதலாகச் சொன்ன சொல்லே அச்சத்தைக் கூட்டிவிடுகிறது.

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் தினமும் பணிக்குச் செல்லும் இளைஞர் ஒருவர், நெரிசலில் ஒருநாள் திடீரென நெஞ்சு படபடத்து, வியர்த்து, கைவிரல்கள் மரத்துப்போய், “செத்துவிடுவேன்” என்ற எண்ணம் மேலிட, பல்லாவரத்தில் இறங்கிவிட்டார். இரண்டு மாதங்களில் மூன்று மருத்துவமனைகளில் ஐந்து முறை ஈ.சி.ஜி. எடுத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு முறையும் “ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்” என்று அனுப்பப்பட்டார். ஒன்றுமில்லாததற்கு ஏன் இப்படி உயிர் போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி.

விடை இதுதான். ஆபத்து நேரும்போது ஓடவோ போராடவோ உடலை ஆயத்தப்படுத்தும் அட்ரினலின் என்ற சுரப்பு, ஆபத்து இல்லாத நேரத்திலும் சிலருக்குத் திடீரெனச் சுரந்துவிடுகிறது. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது. மூச்சு மிகையாக வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்களும் உதடுகளும் மரத்துப்போகின்றன. அது மேலும் அச்சத்தைத் தருகிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடும். துன்பம் முழுக்க முழுக்க உண்மையானது, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இதற்குத் தெளிவான சிகிச்சையும் உண்டு. ‘அச்ச அலை’ என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. ஏறும், இறங்கிவிடும். அந்த இளைஞர் இப்போது அதே வண்டியில் செல்கிறார்.

ஃபீல், ஷாக்

“அவர் ரொம்ப ஃபீல் பண்றார்” என்றால் தமிழில் வருந்துகிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ஃபீல்’ என்பது எதை உணர்வதையும் குறிக்கும் பொதுச் சொல். தமிழ் அறியாத மருத்துவரிடம் அப்படிச் சொன்னால், “எதை உணர்கிறார்?” என்று அவர் காத்திருப்பார். அதுபோல் ‘ஷாக்’ என்பதை நாம் அதிர்ச்சி என்ற பொருளில் சொல்கிறோம். மருத்துவத்தில் அது, உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் சென்று சேராத, பெரும்பாலும் இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்ட, உயிருக்கு ஆபத்தான நிலை. “அப்பா ஷாக்கில் இருக்கிறார்” என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் சொன்னால், அவர் மனம் கலங்கியிருப்பதாக எண்ணி வீட்டுக்குச் சென்றுவிட வேண்டாம். புரியவில்லையென்றால் திரும்பக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தமிழ் ஏற்கெனவே வைத்திருப்பவை

தொல்காப்பியம் உணர்வுகளை எட்டாக வகுத்து, அவற்றுக்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டது. அந்த எட்டில் ஒன்று அச்சம். மெய் என்றால் உடல். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. நம் பேச்சு வழக்கும் அப்படித்தான்: வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, தொண்டையில் ஏதோ உருள்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, இருப்புக் கொள்ளவில்லை, நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இருக்கிறது.

இவற்றைப் படிப்பறியாதவர்களின் பேச்சு என்று எண்ணி, மருத்துவரிடம் சொல்லத் தயங்குவோர் பலர். மருத்துவனாக நான் சொல்கிறேன்: ‘ஆங்சைட்டி’ என்ற சொல்லைவிட இவை எனக்கு அதிகம் உதவுகின்றன. ஏனெனில் ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பும் ஒரு வினையும் இருக்கின்றன. நெஞ்சில் கல்லை வைத்தாற்போன்ற பாரம் மாடிப்படி ஏறும்போது வந்து, நின்றால் குறைகிறதென்றால் நான் முதலில் இதயத்தைச் சோதிப்பேன். தொண்டையில் ஏதோ உருள்வது, உணவு விழுங்கும்போது தடை இல்லாமல், சும்மா இருக்கும்போது மட்டும் தோன்றினால் என் சிந்தனை வேறு வழியில் செல்லும். “ஒரு மாதிரியா இருக்கு” என்ற தொடரைக்கூட நான் அலட்சியம் செய்வதில்லை. நீரிழிவு நோயாளி ஒருவர் அப்படிச் சொன்னால் முதலில் சர்க்கரை அளவைப் பார்ப்பேன்.

பதற்றம் போலத் தோன்றும் பிற நோய்கள்

படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை கீழ்க்காணும் நிலைகளிலும் வரும்:

• இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குதல். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உணவு தாமதமானால் நேரும். நினைவு தெளிவாக இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்.
• தைராய்டு சுரப்பி மிகையாகச் செயல்படுதல், அல்லது தைராய்டு மாத்திரையின் அளவு கூடுதலாக இருத்தல். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது ஓர் அறிகுறி.
• இரத்தசோகை. பெண்களிடம் மிகுதி.
• இதயத் துடிப்பின் ஒழுங்கு மாறுதல், இதயச் செயலிழப்பு, மாரடைப்பு.
• ஆஸ்துமா, நுரையீரல் இரத்தக் குழாயில் அடைப்பு.
• மிகுதியான காபி, ஆஸ்துமாவுக்கான சில மருந்துகள், மதுவைத் திடீரென நிறுத்துதல்.

நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவினாலோ, குளிர்ந்த வியர்வை, மயக்கம், மூச்சுத் திணறல் உடன் இருந்தாலோ அது கேஸா, டென்ஷனா என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். முதியோருக்கும் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் களைப்பாகவும் படபடப்பாகவும் வரக்கூடும். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அப்போதும் இதே எண்தான்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஐந்து

பெயரை எங்களிடம் விட்டுவிடுங்கள். நிகழ்ச்சியை எங்களுக்குக் கொடுங்கள்.

1. எங்கே, என்ன செய்கிறது? உறுப்பையும் உணர்வையும் உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள்.
2. எப்போது வருகிறது? படுக்கும்போதா, நடக்கும்போதா, சாப்பிட்ட பிறகா, கூட்டத்திலா, மழை இரவிலா?
3. எவ்வளவு நேரம் இருக்கிறது? நிமிடக் கணக்கா, நாள் முழுவதுமா? எத்தனை மாதங்களாக?
4. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?
5. இதனால் எதைச் செய்யாமல் விட்டுவிட்டீர்கள்? சந்தைக்குப் போவதை, இரயில் ஏறுவதை, உறவினர் வீட்டுத் திருமணத்தை?

ஐந்தாவது கேள்வியைப் பெரும்பாலோர் சொல்ல மறந்துவிடுகின்றனர். நோயின் அளவை அறிய எனக்கு அதுவே முக்கியமானது.

மருத்துவர் தமிழ் அறியாதவராக இருந்தாலும் இந்த ஐந்தும் போதும். குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிய கவலையானால் ‘ஒர்ரி’, திடீரென வந்து உச்சமடைந்து தணிந்தால் ‘பேனிக்’, காரணமின்றி நீடித்தால் ‘ஆங்சைட்டி’, ஆர்வமே அற்றுப்போனால் ‘டிப்ரஷன்’, வேலையும் பொறுப்பும் கூடிவிட்டால் ‘ஸ்ட்ரெஸ்’ என்று சொல்லலாம். ‘டென்ஷன்’ என்பதை மட்டும் மருத்துவமனையில் தவிர்த்துவிடுங்கள்.

உடன் வருவோருக்கு

நீங்கள் இல்லாமல் எங்கள் பணி நடவாது. ஆயினும் ஒரு வேண்டுகோள். முதலில் நோயாளியைப் பேசவிடுங்கள். அவர் “நெஞ்சு பிசையுது” என்றால் அதை ‘கேஸ்’ என்றோ ‘டென்ஷன்’ என்றோ மாற்றாமல், பிசைகிறது என்றே சொல்லுங்கள். அவர் சொல்ல மறந்ததை, அதாவது இரவில் எத்தனை முறை எழுகிறார், எந்த மாத்திரையை நிறுத்தினார், எப்போதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பதைப் பிறகு சேர்த்துச் சொல்லுங்கள். சில செய்திகளைக் குடும்பத்தார் முன்னிலையில் சொல்ல இயலாது. மருத்துவர் உங்களைச் சற்று வெளியில் இருக்கச் சொன்னால் தவறாக எண்ண வேண்டாம்.

பதற்ற நோய் என்று தெரிந்தால்

பரிசோதனைகளுக்குப் பிறகு இது பதற்ற நோய்தான் என்று மருத்துவர் சொன்னால், “ஒன்றுமில்லை” என்று பொருளல்ல. நோய் என்ன என்று தெரிந்துவிட்டது என்று பொருள். 2006ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட ‘ஜி.ஏ.டி.-7’ என்ற ஏழு கேள்விகள் கொண்ட படிவத்தை மருத்துவர் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய அந்தக் கேள்விகளுக்கான மொத்த மதிப்பெண் 21. பத்தும் அதற்கு மேலும் இருந்தால் விரிவான ஆய்வு தேவை. எண்ணங்களைச் சீரமைக்கும் பேச்சு வழிச் சிகிச்சை, மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, தேவையானால் மருந்து என வழிகள் பல. மருந்துகளின் முழுப் பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. பிறருக்கு எழுதிய தூக்க மாத்திரையைக் கடனாக வாங்கிச் சாப்பிடுவது அதனினும் தீங்கு. அவற்றுள் சில எளிதில் பழக்கமாகிவிடும்.

நேரில் வர இயலாதவர்கள் 14416 என்ற எண்ணில் மைய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை அழைக்கலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இச்சேவை கட்டணமில்லாதது, இரவும் பகலும் இயங்குவது. தமிழிலேயே பேசலாம். வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் யாருக்கேனும் எழுந்தால், அவரைத் தனியே விடாமல் உடனே இந்த எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

முதலில் குறிப்பிட்ட அம்மையார் இப்போது ஒரே தலையணையில் உறங்குகிறார். மாதம் ஒருமுறை வருகிறார். அண்மையில் வந்தபோது, மூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினார். “ஆனா டாக்டர், மழை சத்தம் கேட்டா இன்னும் வயித்தைக் கலக்குது. தண்ணி உள்ள வந்துடுமோன்னு வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்” என்றார்.

மகள் சொன்னதிலும் உண்மை இருந்தது. இதய நோயும் மழை அச்சமும் ஒரே உடலில் இருந்தன. ஒன்றுக்கு மாத்திரை கொடுத்தோம், மற்றொன்றுக்கு எங்கள் மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தோம். இரண்டையும் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவை அந்த அம்மையாரின் சொந்தச் சொற்களே. அடுத்த முறை வரும்போது உங்கள் சொற்களையும் கொண்டு வாருங்கள்.